ஜீப் வர்றதுக்குள்ளே...!

போடி அடிவாரம் முதல் ஏலமலைச் சரிவு வரை: அடுப்படி யோசனைகளின் கதை

விடிய இன்னும் நேரம் இருக்கிறது. போடிநாயக்கனூரின் சந்துகளில் ஒரு வீடு விட்டு ஒரு வீட்டில் விளக்கு எரிகிறது. அடுப்பில் ஒரு பக்கம் உலை, மறுபக்கம் வரக்காப்பி. வாசற்படி ஓரத்தில் ஒன்றன்மேல் ஒன்றாகச் சாமான்கள்: சுருட்டிக் கட்டிய பிளாஸ்டிக் கொங்காணி, இடுப்பில் சுற்றும் சாக்கு, துணியில் முடிந்த கல் உப்பு, புருஷனின் பழைய முழுக்கைச் சட்டை. ராத்திரி படுக்கும் முன்பே எடுத்து வைத்தவை. கடைசியாகத் தேவைப்படுவது அடியில் கிடக்கிறது, முதலில் தேவைப்படும் சட்டை மேலே இருக்கிறது. இருட்டில் கை போன போக்கில் எடுத்தால் போதும். சோறு வடித்து, குழம்பைத் தூக்குவாளியில் ஊற்றி, பிள்ளைக்குப் பள்ளிக்கூடச் சாப்பாட்டைத் தனியே மூடி வைப்பதற்குள் தெருமுனையில் ஹாரன். "மதினி, ஜீப்பு வந்துருச்சு!"

ஏறத் தவறினால் அன்றைய கூலி போச்சு. முந்தலைத் தாண்டி, 17 கொண்டை ஊசி வளைவுகள் ஏறி, போடிமெட்டு சோதனைச்சாவடியைக் கடந்து, பூப்பாறை, சாந்தாம்பாறை, ராஜகுமாரி பக்கத்து ஏலத் தோட்டங்களுக்கு அந்த ஜீப் போகும். போடி, தேவாரம், கோம்பை, கம்பம், கூடலூர் என்று தேனி மாவட்டத்தின் அடிவார ஊர்களிலிருந்து தினமும் இப்படி மலையேறி இறங்குபவர்கள் ஆயிரக்கணக்கில் இருக்கிறார்கள். அவர்களில் பெரும்பாலானோர் பெண்கள்.

வீட்டுக் குறிப்புகளுக்கு இது பொற்காலம். மொபைலைத் திறந்தால் பூண்டு உரிப்பதற்கு ஒரு வழி, கேஸ் மிச்சம் பிடிக்க இன்னொரு வழி, பழைய பாட்டிலில் பூச்சாடி செய்ய ஒன்பது வழி. இவற்றில் பாதிக்கு, மிச்சமாகும் நேரத்தைவிடச் செய்து முடிக்க ஆகும் நேரம் அதிகம். அடிவாரத்து அடுப்படியில் அந்த ஆடம்பரம் கிடையாது. ஒரு யோசனை அங்கே நிலைக்க வேண்டுமானால் ஜீப் வருவதற்குள் வேலை முடிய வேண்டும், கையில் இருக்கும் பொருளில் முடிய வேண்டும். வீட்டு யோசனை ஒவ்வொன்றையும் இந்தத் தராசில் வைத்துப் பார்த்தால் என்ன? இது யாருடைய நேரத்தை மிச்சம் பிடிக்கிறது, யாருடைய முதுகைக் காப்பாற்றுகிறது என்று கேட்டால், கொண்டாடப்படும் பல குறிப்புகள் உதிர்ந்துவிடும். யாரும் பேசாத சில மேலே வரும்.

▪ பெட்டிச் செய்தி: கடிகாரம் சொல்லும் கணக்கு

தேசியப் புள்ளியியல் அலுவலகம் 2019-ல் நாடு முழுவதும் நேரப் பயன்பாட்டுக் கணக்கெடுப்பு நடத்தியது. சமையல், துவைத்தல், கூட்டிப் பெருக்குதல் போன்ற சம்பளமில்லாத வீட்டு வேலைகளில் ஈடுபடும் பெண்கள் அவற்றுக்காக நாளொன்றுக்குச் சராசரியாக 299 நிமிடம் செலவிட்டார்கள். ஆண்கள் 97 நிமிடம். 2024 கணக்கெடுப்பில் பெண்களின் நேரம் 289 நிமிடமாகக் குறைந்தது. ஆண்களின் நேரமும் குறைந்தது: 88 நிமிடம்.

■ ஒரே மாவு, இரண்டு ஊர்

போடிக்கும் போடிமெட்டுக்கும் உயரத்தில் ஏறத்தாழ ஆயிரம் மீட்டர் வித்தியாசம். ஆயிரம் மீட்டர் ஏறினால் காற்றின் சூடு ஆறேழு டிகிரி குறையும். ஜீப்பில் போனால் ஒரு மணி நேரத்துக்குள் கடந்துவிடும் இந்த வித்தியாசம், இட்லி மாவுப் பானைக்குள் பெரிய கலகமே செய்கிறது.

சித்திரையில் போடியில் அரைத்த மாவு, பொழுது விடிவதற்குள் பொங்கி வழிந்து புளித்தும்விடும். அதே அரிசி, அதே உளுந்தை மேலே தோட்ட வீட்டில் மார்கழியில் அரைத்தால் மறுநாள் காலையிலும் கல்லுப்போல் கிடக்கும். மாவைப் பொங்கவைப்பது உளுந்தோடு ஒட்டிவரும் நுண்ணுயிர்கள். 30 டிகிரியை ஒட்டிய சூட்டில் அவை சுறுசுறுப்பாக வேலை செய்யும், குளிரில் சோம்பிவிடும். உளுந்தின் வழவழப்பு அவை விடும் காற்றைப் பிடித்து வைப்பதால்தான் மாவு உப்புகிறது.

இந்த விஞ்ஞானம் தெரியாமலேயே இரண்டு ஊரிலும் அதற்கேற்ற கைமுறை உண்டாகியிருக்கிறது. மேலே குளிரில் ஒரு கை வெந்தயம் கூடுதலாக விழும், வெதுவெதுப்பான நீரில் அரைபடும், கையாலேயே அடித்துக் கலக்கப்படும். அணைந்த அடுப்பின் சாம்பல் சூட்டுக்குப் பக்கத்தில், சாக்குச் சுற்றிய பானை உட்காரும். அரிசி டிரம்முக்குள் பாதியளவு புதைத்து வைப்பவர்களும் உண்டு. அரிசி சூட்டை எளிதில் வெளியே விடாது. கீழே போடியில் எல்லாம் தலைகீழ். குளிர்ந்த நீரில் அரைத்து, பானையை நீர் ஊற்றிய தாம்பாளத்தில் நிறுத்தி, ஈரத் துணியைச் சுற்றுவார்கள். துணியிலிருந்து நீர் ஆவியாகும்போது பானையின் சூட்டையும் கூட்டிக்கொண்டு போகும்.

இந்த ஈரத் துணி உத்தியின் பெரிய அண்ணன்தான் இரட்டைப் பானை. பெரிய மண்பானைக்குள் சின்னதை வைத்து, நடுவில் மணலைக் கொட்டி நனைத்துவிட்டால் காய்கறி வாடாமல் இருக்கும். நைஜீரியாவில் முகமது பா அப்பா என்ற ஆசிரியர் இதை ஊர் ஊராகப் பரப்பியதற்காக 2000-ல் ரோலக்ஸ் விருது பெற்றார். குஜராத்தின் வாங்கானேரில் குயவர் மன்சுக்பாய் பிரஜாபதி மண்ணிலேயே குளிர்பெட்டி செய்து 'மிட்டிகூல்' என்று விற்றார். போடியில் கோடைக்கு இது கச்சிதமாகப் பொருந்தும். ஆடி மாதத்துப் போடிமெட்டில் செய்தால் ஏமாற்றம்தான். காற்றிலேயே ஈரம் நிறைந்திருக்கும்போது பானை நீர் எங்கே போய் ஆவியாவது? எந்த ஊரில், எந்த மாதத்தில் என்று சொல்லாத வீட்டுக் குறிப்பு அரைக் குறிப்பு.

■ கொங்காணியின் கணக்கு

ஏலச் செடியில் காய் மேலே காய்ப்பதில்லை. தூரிலிருந்து கிளம்பும் சரம் தரையோடு படரும், அதில்தான் காய். எனவே காய் எடுப்பது குனிந்தும் குந்தியும் செய்ய வேண்டிய வேலை. தென்மேற்குப் பருவமழை கொட்டும் காலத்தில்தான் அந்த வேலையும் சூடு பிடிக்கும். இரண்டு கையும் வேண்டும், ஆகவே குடைக்கு வழியில்லை. கடையில் விற்கும் மழைக்கோட்டு, குந்தும்போது முழங்காலில் இழுக்கும். இதற்கு மலைத் தொழிலாளர்கள் கண்ட விடைதான் கொங்காணி.

செய்முறை ஒரு வரியில் முடியும். சாக்கின் அடி மூலை ஒன்றை உள்ளே தள்ளி மற்ற மூலைக்குள் செருகினால் தலைக்கு ஒரு கூம்பு கிடைக்கும், மிச்சம் முதுகில் தொங்கும். வெட்டவோ தைக்கவோ வேண்டாம். நீர் முதுகு வழியே வழிந்து காலுக்குப் பின்னால் விழும், முன்பக்கம் கைகள் சுதந்திரம். முதலில் சணல் சாக்கில் செய்தார்கள். அது மழையைக் குடித்துக் குடித்துப் பொதிபோல் கனக்கும், ஆனால் உள்ளே கதகதப்பு. பிறகு பிளாஸ்டிக் தாள் வந்தது. கனமில்லை, ஆனால் உள்ளே வியர்த்துக் கொட்டும். இப்போது உரச்சாக்கைப் பிரித்து, அதன் உள்ளுறையை மேலே போர்த்தி இரண்டு நன்மையும் சேர்த்துக்கொள்கிறார்கள். வடிவமைப்புக் கல்லூரிகளில் 'பயனாளியைக் கவனி' என்று முதல் பாடம் சொல்லித் தருவார்கள். கொங்காணியில் வடிவமைத்தவரும் பயனாளியும் ஒருவரே.

அட்டைப்பூச்சிக்கான உப்பு முடிச்சும் அப்படித்தான். கல் உப்பைத் துணியில் கட்டி, குச்சி நுனியில் முடிந்து, காலணியிலும் கணுக்காலைச் சுற்றிய துணியிலும் நீர் தொட்டுத் தேய்ப்பார்கள். உப்பு அட்டையின் உடல் ஈரத்தை உறிஞ்சுவதால் அது ஒட்டாமல் விலகும். ஒரு திருத்தம் மட்டும் தேவை: கடித்து ஒட்டிக்கொண்ட அட்டையின் மீது உப்பைக் கொட்டினால், அது வயிற்றில் இருப்பதைக் காயத்துக்குள்ளேயே கக்கக்கூடும். நகத்தால் அதன் வாய்ப்பக்கத்தை மெல்ல நகர்த்தி எடுப்பதே நல்லது. முடிச்சு வருமுன் காக்க மட்டும்.

வீட்டுக்குள் மழைக்காலப் போராட்டம் வேறு மாதிரி. தொழிலாளர்களின் வரிசை வீடுகளான தோட்ட லயங்களில் ஆனி பிறந்தால் உப்பு நீராகும், தீக்குச்சி நமுத்துப்போகும், பருப்பில் வண்டு வரும். அடுப்புக்கு மேலே பரண் கட்டி, புளி, மிளகாய், விதை எல்லாவற்றையும் புகையில் வைப்பது பழைய வழி. துவைத்த துணிக்கும் அதே இடம்தான், அதனால் பிள்ளைகளின் சீருடையில் புகை வாடை அடிக்கும். கேஸ் அடுப்பு வந்த வீடுகளில் இந்தப் பரணுக்கு வேலை போய்விட்டது. கேஸ் வந்ததால் கண் எரிச்சல் தீர்ந்தது, ஆனால் பருப்பு வண்டுக்குப் புதுவழி தேட வேண்டியதாயிற்று. இதை யாரும் முன்கூட்டிச் சொல்லவில்லை.

அந்தப் புதுவழி கோயம்புத்தூரிலிருந்து வந்தது. வண்டுகளுக்குக் காற்றோட்டமான இடம் பிடிக்கும் என்பதைக் கவனித்து, தமிழ்நாடு வேளாண் பல்கலைக்கழகத்தின் பூச்சியியல் பேராசிரியர் எஸ்.மோகன் ஒரு குழாய்ப் பொறியை உருவாக்கினார். சிறு துளைகள் போட்ட குழாயை அரிசியிலோ பருப்பிலோ செருகிவைத்தால், காற்றைத் தேடிவரும் வண்டு துளை வழியே நுழைந்து அடிக்கிண்ணத்தில் விழுந்துவிடும். மருந்து வேண்டாம், மின்சாரம் வேண்டாம். வெயிலில் காய வைத்துப் புடைக்கும் அரை நாள் வேலையும் மிச்சம். ஆய்வுக்கூடத்தில் பிறந்தாலும் நம் தராசில் இது முழு மதிப்பெண் வாங்குகிறது.

▪ பெட்டிச் செய்தி: ஏல ஊரின் ஏலக்காய்ப் பக்குவம்

பறித்த பச்சைக் காய் சுமார் 5 கிலோ உலர்ந்தால் 1 கிலோ கிடைக்கும். நறுமணப் பொருள் வாரியத்தின் மின்னணு ஏலம் போடியிலும் இடுக்கியின் புத்தடியிலும் நடக்கிறது. 2019 ஆகஸ்ட்டில் புத்தடியில் அதிகபட்ச விலை கிலோ 7,000 ரூபாயைத் தொட்டது. இந்த விலைப் பொருளைக் கண்ணாடி ஜாடியில் ஜன்னலோரம் அழகுக்கு வைப்பது வீண். வெளிச்சத்தில் பச்சை நிறம் வெளுக்கும், ஈரத்தில் மணம் போகும். வியாபாரிகள் கறுப்புப் பாலித்தீன் உறை போட்ட சாக்கில் அடைப்பது அதற்காகத்தான். வீட்டில் இருட்டான டப்பா போதும். தோல்தான் விதையின் எண்ணெயைக் காக்கும் உறை, எனவே தேவைப்படும்போது மட்டும் உரிப்பது நல்லது. உரித்த தோலைச் சர்க்கரை டப்பாவிலோ டீத்தூளிலோ போடலாம். விதையை ஒரு கரண்டிச் சர்க்கரையோடு அரைத்தால் மாவாக அரைபடும்.

■ தலைக்கடியில் ஒரு தொழில்

ஏலக்காய்க்கு அடுத்தபடியாகப் போடியின் பெயரை வெளியூர்களில் சொல்வது இலவம் பஞ்சு. மலையடிவாரத்து இலவ மரங்களில் கோடையில் காய் வெடிக்கும் முன் பறித்து, ஓட்டை உடைத்து, கொட்டையைப் பிரித்து, மெத்தையும் தலையணையுமாக அனுப்புகிறார்கள். ஓடு அடுப்பெரிக்க, கொட்டை எண்ணெய்க்கும் பிண்ணாக்குக்கும். வீணாகப் போவது என்று ஏதுமில்லை.

இலவம் பஞ்சின் இழை உள்ளே வெற்றிடமான குழல், மேலே மெழுகுப் பூச்சு. அதனால் நூலாக நூற்பது கடினம், ஆனால் நீரில் மிதக்கும், சூட்டை உள்ளேயே பிடித்து வைக்கும். இரண்டாம் உலகப் போருக்கு முன் கப்பல் மாலுமிகளின் உயிர்காப்பு அங்கிக்குள் இதைத்தான் அடைத்தார்கள். 1942-ல் ஜாவாவை ஜப்பான் பிடித்ததும் அமெரிக்காவுக்கு இலவம் பஞ்சு வரத்து நின்றது. அங்கே பள்ளிப் பிள்ளைகள் வயல்வெளிகளில் எருக்கு இனச் செடியின் பஞ்சைக் கோணிக் கோணியாகப் பொறுக்கிக் கொடுத்த கதை உண்டு.

சூட்டைப் பிடித்து வைக்கும் குணம் மலை வீடுகளில் பயன்படுகிறது. மலையில் சிமெண்டுத் தரையின் குளிர் எலும்பில் ஏறும். அதற்கு இலவம் பஞ்சு மெத்தையைவிட மலிவான தடுப்பு கிடைக்காது. பழைய மெத்தை அமுங்கிப்போனால் தூக்கி எறிவதில்லை. உறையைப் பிரித்து, பஞ்சை வெயிலில் பரப்பி, குச்சியால் அடித்து, பாதி புதுப் பஞ்சு கலந்து தைத்தால் இன்னும் சில வருடம் ஓடும். மிச்சத்தில் பிள்ளைகளுக்கு இரண்டு தலையணை. நீரில் நனைத்துத் துவைக்கக் கூடாது, வெயிலில்தான் காயவைத்து எடுக்க வேண்டும். ஒரே எச்சரிக்கை: எளிதில் தீப்பிடிக்கும் பொருள், அடுப்பங்கரைக்கு ஆகாது.

■ மலைக்கு அந்தப் பக்கம் ஒரு பெட்டி

தமிழ்நாட்டு வீடுகளில் பெரிதாகப் பரவாத ஒரு யோசனை எல்லைக்கு அந்தப்புறம் கேரளத்தில் வீடு வீடாகப் போனது. கேரள சாஸ்திர சாகித்ய பரிஷத் என்ற மக்கள் அறிவியல் இயக்கம் பரப்பிய 'சூடாறாப்பெட்டி' அது. தெர்மோகோல் பதித்த ஒரு பெட்டி, அவ்வளவுதான். அரிசி கொதித்துச் சில நிமிடம் ஆனதும் அடுப்பை அணைத்து, பாத்திரத்தை மூடி அந்தப் பெட்டிக்குள் வைத்துவிடலாம். உள்ளே தங்கிய சூட்டிலேயே சோறு வெந்துவிடும். எஃகில் செய்த இதன் தம்பி 'தெர்மல் குக்கர்' என்று பாத்திரக் கடைகளில் கிடைக்கிறது. வீட்டிலேயே செய்ய அட்டைப்பெட்டியும் வைக்கோலும் பழைய சேலையும் போதும், அல்லது கைவசமுள்ள இலவம் பஞ்சு.

எரிபொருள் மிச்சம் என்றுதான் இதை எல்லோரும் விளம்பரப்படுத்துவார்கள். ஜீப்புக்கு ஓடும் பெண்ணுக்கு அதைவிடப் பெரிய லாபம் ஒன்று இருக்கிறது. அடுப்பருகே நின்று காவல் காக்க வேண்டாம். கொதித்ததும் பெட்டிக்குள் தள்ளிவிட்டுத் தலைசீவப் போகலாம். எட்டு மணிக்குப் பள்ளிக்குக் கிளம்பும் பிள்ளை சுடச்சுட எடுத்துச் சாப்பிடலாம். சாயங்காலம்வரை அதிலேயே விட்டுவைப்பது மட்டும் கூடாது. சூடு குறைந்து வெதுவெதுப்பாக நிற்கும் சோற்றில் கிருமி வளரும்.

இதோடு, அரசு தந்த ஒரு யோசனையின் கதியையும் பார்க்கலாம். மத்திய அரசு 1980-களில் தேசிய அளவில் புகையில்லா அடுப்புத் திட்டத்தைத் தொடங்கியது. லட்சக்கணக்கில் அடுப்புகள் கட்டப்பட்டன. பல வீடுகளில் சில மாதங்களில் இடிக்கப்பட்டன. புகைக்குழாய் அடைத்துக்கொண்டது, பெரிய விறகு நுழையவில்லை, பெரிய பானை உட்காரவில்லை. 2002-ல் திட்டம் முடித்துக்கொள்ளப்பட்டது. அடுப்பு கட்டிய கொத்தனாருக்கு அதில் சமைக்கும் கஷ்டம் தெரியாது, எண்ணிக்கையைப் பதிந்த அலுவலருக்கும் தெரியாது. பெட்டி பிழைத்ததும் அடுப்பு தோற்றதும் தற்செயல் இல்லை. பெட்டி சமைப்பவரிடம் எந்தப் பழக்கத்தையும் மாற்றச் சொல்லவில்லை.

■ கொல்லைக்குப் போன அம்மி

2011 செப்டம்பர் 15 அன்று தமிழக அரசு விலையில்லா மிக்ஸி, கிரைண்டர், மின்விசிறித் திட்டத்தைத் தொடங்கியது. ஆட்டுக்கல்லில் குழவியைச் சுற்றிச் சுற்றித் தோள்பட்டை தேய்ந்த ஒரு தலைமுறைக்கு அது பெரிய விடுதலை. மாவரைப்பதில் வீட்டுப் பெண்ணுக்கு மிச்சமான நேரத்தை எந்தப் புள்ளிவிவரமும் முழுதாகச் சொல்லாது.

ஆனால் அடுத்த ஆண்டே மின்வெட்டு தமிழகத்தை ஆட்டிப் படைத்தது. சென்னைக்கு வெளியே பல மணி நேரம் மின்சாரம் இல்லை. புது கிரைண்டர் மூலையில் நின்றது, அம்மியைத் தூக்கிப் போடாத வீடுகளில் சட்னி அரைபட்டது. கரண்ட் வரும் நேரத்தைக் கவனித்து, அந்த இடைவெளியில் மூன்று நாளுக்கான மாவை அரைத்து வைத்தார்கள்.

மின்வெட்டு தீர்ந்தபின் கல் கொல்லைக்குப் போனது. இப்போது ஆட்டுக்கல்லின் குழியில் காக்கைக்குத் தண்ணீர், அம்மி துவைக்கும் கல், குழவி கதவுக்கு முட்டு. கல் கொத்தும் தொழிலாளி தெருவில் கூவிப் போவதும் நின்றுபோனது. ஒருவர் நேரம் மிச்சமாகும் இடத்தில் இன்னொருவர் பிழைப்பு போவதும் உண்டு.

■ இந்த யோசனை வேண்டாம்

கைவசம் இருப்பதை வைத்துச் சமாளிக்கும் குணத்துக்கு ஓர் இருண்ட பக்கம் உண்டு. ஏலத் தோட்டங்களில் பூச்சிமருந்து அதிகம். காய்த்துளைப்பானுக்கும் இலைப்பேனுக்கும் சீரான இடைவெளியில் தெளிக்கிறார்கள். மருந்து தீர்ந்தபின் கெட்டியான, மூடி இறுக்கமான, கைப்பிடி உள்ள கேன் ஒன்று மிஞ்சுகிறது. பார்வைக்கு அருமையான பாத்திரம். மண்ணெண்ணெய் பிடிக்கலாம், தண்ணீர் மோந்து வைக்கலாம் என்று தோன்றுவது இயல்பு. அந்த இயல்புதான் ஆபத்து.

பூச்சிக்கொல்லிகள் பிளாஸ்டிக்கின் சுவரிலேயே ஊறிவிடும். சோப்புப் போட்டு எத்தனை முறை கழுவினாலும் அந்த ஊறல் முழுதாக வெளியேறாது, உள்ளே ஊற்றும் நீரில் கொஞ்சம் கொஞ்சமாகக் கசியும். அதனால்தான் 1971-ம் ஆண்டின் பூச்சிக்கொல்லி விதிகள், காலியான கலன்களை உடைத்து, குடியிருப்பிலிருந்து தள்ளிப் புதைக்க வேண்டும் என்றும், மறுபடி பயன்படும்படி வெளியில் கிடக்க விடக்கூடாது என்றும் சொல்கின்றன. தெளித்து முடித்ததும் மூன்று முறை நீர் ஊற்றிக் குலுக்கி, அந்த நீரைத் தெளிப்பானிலேயே ஊற்றி, பிறகு கேனில் துளை போட்டுவிடுவது உலகெங்கும் பரிந்துரைக்கப்படும் முறை. துளை போட்ட கேனை யாரும் வீட்டுக்கு எடுத்துப் போக மாட்டார்கள். அந்த ஒரு ஆணிதான் இந்த மலையில் மிகப் பயனுள்ள வீட்டுக் குறிப்பு.

எதிர்த் திசை யோசனை இன்னும் மோசம்: மிச்ச மருந்தைக் குளிர்பானப் பாட்டிலில் ஊற்றி அலமாரியில் வைப்பது. பாராகுவாட் என்ற களைக்கொல்லிக்கு முறிமருந்து கிடையாது, ஒரு மடக்கு போதும். காப்பி நிறத்தில் இருந்த அதைக் கோலா என்று நினைத்துக் குடித்துப் பல நாடுகளில் குழந்தைகள் இறந்தபிறகே, உற்பத்தியாளர்கள் அதில் நீலச் சாயமும் துர்நாற்றமும் வாந்தி மருந்தும் கலக்கத் தொடங்கினார்கள்.

யாருடைய முதுகு என்ற பழைய கேள்வியை இங்கேயும் கேட்கலாம். மருந்து தெளிப்பது பெரும்பாலும் ஆண்கள். அந்தச் சட்டையைத் துவைப்பது பெண்கள், அதுவும் பிள்ளைகளின் துணியோடு சேர்த்து, அதே வாளியில். தெளிப்புச் சட்டைக்கு ஒரு தனி வாளியை ஒதுக்கி, அதன் கைப்பிடியில் சிவப்புத் துணி கட்டிவிட்டால் போதும். காசு செலவில்லை, எழுத்துப் படிக்கத் தெரிய வேண்டியதும் இல்லை.

■ யோசனைக்கு யார் பெயர்?

இன்று இடுக்கி ஏலமலையில் மிகப் பரவலாக இருக்கும் ரகத்தின் பெயர் ஞள்ளானி. அதைத் தந்தது எந்த ஆய்வு நிலையமும் இல்லை. கட்டப்பனை விவசாயி செபாஸ்டியன் ஜோசப் 1980-களில் தன் தோட்டத்தில் நன்றாகக் காய்த்த செடிகளைக் கவனித்துத் தேர்ந்து பெருக்கிய ரகம் அது. விளைச்சல் பல மடங்கு கூடியது. பக்கத்துத் தோட்டக்காரர்கள் தூரைப் பிரித்துக் கொண்டுபோய் நட்டார்கள், மலை முழுக்கப் பரவியது. பயிர் ரகப் பாதுகாப்பு மற்றும் உழவர் உரிமைச் சட்டம் வந்தது 2001-ல். அதற்குள் ஞள்ளானி எல்லோர் வீட்டுப் பிள்ளையாகிவிட்டது.

இப்படிப்பட்ட யோசனைகளைப் பெயரோடு பதிவு செய்யப் பேராசிரியர் அனில் குப்தா 'ஹனி பீ' வலையமைப்பைத் தொடங்கினார். அதன் தமிழ்க் கிளையாக மதுரையின் 'சேவா' நிறுவனம் பி.விவேகானந்தன் முயற்சியில் 'நம் வழி வேளாண்மை' இதழை வெளியிட்டது. மலைக்கு அந்தப் பக்கம் பீர்மேடு வளர்ச்சிச் சங்கம் மலையாளத்தில் அதைச் செய்தது. தேசியப் புத்தாக்க அறக்கட்டளை 2000-ல் உருவானது. கோவையின் அருணாச்சலம் முருகானந்தம் குறைந்த விலை நாப்கின் எந்திரத்துக்கு அதன் அங்கீகாரம் பெற்றார், 2016-ல் பத்மஸ்ரீ ஆனார். அவரது தேடல் தொடங்கியதே, மனைவி பழந்துணியை ஒளித்து எடுத்துப் போனதைப் பார்த்துத்தான்.

இந்தப் பட்டியல்களில் வயல் யோசனைகள் நிறைய, அடுப்படி யோசனைகள் குறைவு. தேடிப் போகிறவர்கள் பம்பு செட்டையும் களையெடுக்கும் கருவியையும் பார்த்துவிடுகிறார்கள். மாவுப் பானையைச் சாக்கில் சுற்றியதைக் கண்டுபிடிப்பு என்று சுற்றியவரே நினைப்பதில்லை.

ஆனால் வேறோர் ஆவணக் காப்பகம் தமிழில் இருக்கிறது. பெண்கள் இதழ்களின் குறிப்புப் பக்கங்கள். அரை நூற்றாண்டு அளவுக்கு, வாரம் தவறாமல், 'இப்படிச் செய்து பாருங்கள்' என்று நான்கு வரி, கீழே ஒரு பெயர், ஓர் ஊர். பரிசாகச் சின்னத் தொகையோ எவர்சில்வர் பாத்திரமோ. கிண்டலுக்கு ஆளான பக்கங்கள்தான். ஆனால் சட்டத்தின் கண்ணில் அவற்றுக்கு எடை உண்டு. ஏற்கனவே அச்சில் வெளியான ஒன்றுக்கு யாரும் புதிதாகக் காப்புரிமை பெற முடியாது.

இது வெறும் ஏட்டுச் சட்டமில்லை. 1995-ல் அமெரிக்காவில், காயத்தை ஆற்ற மஞ்சளைப் பயன்படுத்துவதற்குக் காப்புரிமை கொடுத்தார்கள். நம் பாட்டிமார் செய்த மஞ்சள் பற்றுதான். ரகுநாத் மஷேல்கர் தலைமையில் இயங்கிய இந்திய அறிவியல் ஆராய்ச்சி அமைப்பான சி.எஸ்.ஐ.ஆர். அதை எதிர்த்தது. 'எங்கள் வீட்டில் காலங்காலமாகச் செய்கிறோம்' என்ற வாதம் அங்கே போதவில்லை, அச்சில் காட்டு என்றார்கள். பழைய நூல்களும், இந்திய மருத்துவச் சங்க இதழில் 1953-ல் வந்த ஒரு கட்டுரையும் தேடி எடுக்கப்பட்டன. 1997-ல் அந்தக் காப்புரிமை ரத்தானது.